இரண்டு பிராந்திய விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று தேடினால் இரண்டு எண்கள் கிடைக்கும்: இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிடம். முதல் எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இரண்டாவதை அப்படியே நம்பி, இறங்கியபின் செய்யவேண்டிய காரியங்களை நிமிடக் கணக்கில் அடுக்கி வைக்கிறவர்கள்தான் தவித்துப்போகிறார்கள். குறுந்தூர வழித்தடத்தில் நேரத்தை அதிகம் தின்பது தூரம் அல்ல. தரையில் ஊர்வதிலும், மேலே ஏறுவதிலும், கீழே இறங்குவதிலும் கழிகிற நிமிடங்கள்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று காட்டப்படுவது எந்தத் தூரம்?

பூமியின் மேற்பரப்பை ஒட்டி இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம் அது. பெருவட்டத் தூரம் என்பார்கள். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ‘குறிப்புப் புள்ளி’ என்று ஓர் இடம் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி அது அமையும். அந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். எனவே பயணிகள் முனையத்திலிருந்தோ ஊரின் மையத்திலிருந்தோ எடுத்த அளவு என்று அதை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே வழித்தடத்துக்கு இரண்டு இடங்களில் இரண்டு விதமான தூரம் காட்டப்பட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒன்று நகரத்திலிருந்து நகரத்துக்கு அளந்திருக்கும். மற்றது விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்திருக்கும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட்-ஹான் விமான நிலையத்தின் பெயரில் பிராங்க்பர்ட் இருக்கிறது. ஆனால் அந்த நகரத்திலிருந்து சாலை வழியே அது சுமார் 120 கி.மீ. தள்ளி இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் ‘நகரத் தூரம்’ பார்த்து முடிவெடுத்தால் கணக்கு அடியோடு மாறிவிடும்.

அந்தத் தூரத்தை நானே கணக்கிட முடியுமா?

முடியும். சில நூறு கிலோமீட்டர் தூரம் என்றால் ஒரு சாதாரண கால்குலேட்டர் போதும்.

முதல் விமான நிலையம் வட அட்சரேகை 40 பாகையில் இருக்கிறது, இரண்டாவது 43 பாகையில் இருக்கிறது, தீர்க்கரேகையில் இரண்டுக்கும் 3 பாகை வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாகை அட்சரேகை ஏறக்குறைய 111.2 கி.மீ. ஆகவே வடக்கு தெற்காக உள்ள விலகல் 333.6 கி.மீ. தீர்க்கரேகை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிப் போகப்போக தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அதனால் சராசரி அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். சராசரி 41.5 பாகை, அதன் கொசைன் 0.749. ஆக, கிழக்கு மேற்கு விலகல் 333.6 × 0.749, அதாவது சுமார் 249.8 கி.மீ. இப்போது பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 416.8 கி.மீ. கிடைக்கும்.

இதையே பூமியைக் கோளமாகக் கொண்டு, சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்து, ஹேவர்சைன் சூத்திரத்தில் முறையாகப் போட்டால் 416.7 கி.மீ. வருகிறது. வித்தியாசம் 100 மீட்டர்கூட இல்லை. பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதையும் சேர்த்துக்கொள்ளும் இன்னும் நுணுக்கமான சூத்திரங்கள் உண்டு. அவற்றுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதிகம் போனால் அரை சதவீதம். அதாவது இந்தத் தூரத்தில் 2 கி.மீ. அளவு. விமானம் அதை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும் என்பதால் பயணத் திட்டத்துக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை.

வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் போதாதா?

குறுந்தூரத்துக்கு வரைபடத்தின் அளவுகோலை அந்த அட்சரேகையிலேயே எடுத்துக்கொண்டால் போதும். நெடுந்தூரத்தில்தான் சிக்கல். 60 பாகை அட்சரேகையில், தீர்க்கரேகையில் 90 பாகை தள்ளி இருக்கும் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அட்சரேகையை ஒட்டியே போனால் சுமார் 5,000 கி.மீ.; பெருவட்ட வழியில் வளைந்து போனால் சுமார் 4,600 கி.மீ. தட்டையான வரைபடத்தில் வளைவாகத் தெரிகிற பாதைதான் உண்மையில் குறுக்குவழி. அதே 60 பாகையில் இரண்டு இடங்களுக்கு நடுவே 400 கி.மீ. மட்டுமே இருந்தால் இந்த வேறுபாடு 200 மீட்டருக்கும் குறைவு. பிராந்திய வழித்தடங்களில் இதை மறந்துவிடலாம்.

கிலோமீட்டர், மைல், நாட்டிகல் மைல்: எதை எடுத்துக்கொள்வது?

விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசுவது நாட்டிகல் மைலில். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கி.மீ.; நிலத்தில் வழங்கும் மைல் 1.609 கி.மீ. நமது 417 கி.மீ. வழித்தடம் 225 நாட்டிகல் மைல், அல்லது 259 சாதாரண மைல். எங்காவது வெறுமனே ‘மைல்’ என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் 15 சதவீத வித்தியாசம். வேகத்துக்கு நாட் என்ற அலகு: ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிகல் மைல்.

உயரத்தில் பறப்பதால் தூரம் கூடுமா?

கூடும், ஆனால் பொருட்படுத்தத் தக்க அளவுக்கு இல்லை. 6 கி.மீ. உயரத்தில் பறந்தால் 417 கி.மீ. தூரம் சுமார் 400 மீட்டர் கூடும். 10 கி.மீ. உயரத்தில் 650 மீட்டர்.

அப்படியானால் விமானம் உண்மையில் பறக்கிற தூரம் ஏன் கூடுதலாக இருக்கிறது?

உயரம் காரணமல்ல, வழி காரணம். விமானம் புள்ளிக்குப் புள்ளி நேராகப் போவதில்லை. புறப்படும்போது ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் எழும்ப முடியும். எதிர்காற்றில் எழும்புவதும் எதிர்காற்றில் இறங்குவதும்தான் பாதுகாப்பானது என்பதால், எந்த முனையிலிருந்து புறப்படுவது என்பதை அன்றைய காற்று முடிவு செய்கிறது. நீங்கள் கிழக்கே போகவேண்டியிருக்கும். காற்று மேற்கிலிருந்து வீசும். விமானம் மேற்கு நோக்கி எழும்பி, அரைவட்டம் அடித்துத் திரும்பி, அதற்குப் பிறகே உங்கள் ஊரை நோக்கிப் போகும். போய்ச்சேரும் இடத்திலும் இதே கதை நடக்கலாம். ஓடுபாதைக்கு நேர்கோட்டில் பல கிலோமீட்டர் தொலைவிலேயே வந்து அணிவகுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

நடுவழியில் ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்ட வான்பகுதி, இடிமேகக் கூட்டம், மலைகள், வகுத்துவைத்த வான்பாதைகளின் வளைவுகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரு பயணத்தின் கரிம வெளியேற்றத்தைக் கணக்கிடும்போது, 550 கி.மீ.க்குக் குறைவான வழித்தடங்களில் பெருவட்டத் தூரத்தோடு 50 கி.மீ.யைக் கூட்டிக்கொள்கிறது. 550 முதல் 5,500 கி.மீ. வரை 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ. கவனியுங்கள்: 5,000 கி.மீ. பயணத்தில் 100 கி.மீ. என்பது வெறும் 2 சதவீதம். 250 கி.மீ. பயணத்தில் 50 கி.மீ. என்பது 20 சதவீதம். சுற்றுவழியின் பாரம் குட்டிப் பயணத்தின் தலையில்தான் அதிகம் விழுகிறது.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடாதா?

பலரும் செய்கிற கணக்கு இதுதான். பல தேடல் கருவிகளும் இதைத்தான் செய்கின்றன. சில அரை மணி நேரத்தைக் கூடச் சேர்த்துக்கொள்கின்றன, சில அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் ஒரு குறுந்தூர விமானம் தன் முழு வேகத்தில் பறப்பது பயணத்தின் ஒரு பகுதியில் மட்டுமே. நமது 417 கி.மீ. வழித்தடத்தை ஏ.டி.ஆர். 72 வகை டர்போபிராப் (சுழலும் விசிறி இறக்கைகளால் இயங்கும்) விமானத்தில் கடப்பதாக வைத்து, நிமிடம் நிமிடமாகப் பார்ப்போம். இந்த விமானத்தின் பயண வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. வகுத்தால் 50 நிமிடம்.

முதலில் கதவு மூடப்பட்டு, சக்கரங்களுக்கு வைத்த தடுப்புக்கட்டைகள் எடுக்கப்படுகின்றன. இயந்திரங்களை இயக்கி, ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்துபோக 8 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எழும்பியபின் 20,000 அடி உயரத்தை எட்ட சுமார் 17 நிமிடம் பிடிக்கும். ஏறும்போது வேகம் குறைவு என்பதால் அதற்குள் 100 கி.மீ.தான் கடந்திருக்கும். இறங்கும் பக்கத்தில் விமானிகளுக்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: ஒவ்வொரு 1,000 அடியைக் குறைக்கவும் 3 நாட்டிகல் மைல் தூரம் தேவை. 20,000 அடிக்கு 60 நாட்டிகல் மைல், அதாவது ஏறக்குறைய 110 கி.மீ. முன்னாலேயே இறங்கத் தொடங்கியாக வேண்டும். அதற்கு 16 நிமிடம். பிறகு ஓடுபாதைக்கு நேராக வருவதற்காகச் சுற்றும் 35 கி.மீ.யை மெதுவான வேகத்தில் கடக்க இன்னொரு 8 நிமிடம்.

சுற்றுவழியும் சேர்த்து மொத்தம் பறக்கிற 450 கி.மீ.யில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கடைசிச் சுற்றுக்கும் போக மீதி 205 கி.மீ. மணிக்கு 500 கி.மீ. என்கிற அந்த வேகம் இந்த 205 கி.மீ.க்கு மட்டுமே பொருந்தும். அது 25 நிமிடம். எல்லாவற்றையும் கூட்டினால் காற்றில் 66 நிமிடம். இறங்கி நிறுத்தும் இடத்துக்கு ஊர்ந்துபோக 4 நிமிடம். கதவு மூடியதிலிருந்து கதவு திறக்கும்வரை 78 நிமிடம். வகுத்துப் பார்த்தபோது வந்த 50 நிமிடம் எங்கே, இது எங்கே!

ஜெட் விமானமாக இருந்தால் பாதி நேரத்தில் போய்விடலாமா?

முடியாது. இதே வழித்தடத்தில் மணிக்கு 830 கி.மீ. வேகமுள்ள ஜெட் விமானத்துக்கு வகுத்தல் கணக்கு 30 நிமிடம் என்று சொல்லும். ஆனால் அது 28,000 அடிக்கு ஏறினால், இறங்குவதற்கே 155 கி.மீ. வேண்டும். ஏற 14 நிமிடம், முழு உயரத்தில் 10 நிமிடம், இறங்க 18 நிமிடம், ஓடுபாதையை நோக்கிச் சுற்ற 6 நிமிடம்: காற்றில் 48 நிமிடம். ஊர்வதையும் சேர்த்தால் ஒரு மணி நேரம். 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வேக வரம்பும் பல நாடுகளில் இருக்கிறது. எவ்வளவு வேகமான விமானமானாலும் அங்கே கட்டுப்பட்டே ஆகவேண்டும். வேகம் 330 கி.மீ. கூடியும் மிச்சமாவது 18 நிமிடம்தான்.

சுழலும் இறக்கைகளைப் பார்த்ததும் ‘பழைய விமானம்’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குட்டி வழித்தடங்களில் டர்போபிராப் ஓடுவது நிறுவனத்தின் கஞ்சத்தனத்தால் அல்ல. குறைந்த எரிபொருள், குறுகிய ஓடுபாதை, ஏறத்தாழ ஒத்த பயண நேரம் ஆகிய மூன்றும் அதற்குச் சாதகமாக இருக்கின்றன. பல சிறிய ஊர்களுக்கு விமான சேவையே இந்த வகை விமானங்களால்தான் கிடைத்திருக்கிறது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரமா?

இல்லை. புறப்பாடு என்பது நிறுத்திய இடத்திலிருந்து விமானம் நகரும் நேரம். வருகை என்பது போய்ச்சேர்ந்து நிறுத்தும் நேரம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதைப் பிளாக் டைம் என்கிறார்கள். விமானி ஒலிபெருக்கியில் “பறக்கும் நேரம் 55 நிமிடம்” என்று சொல்லும்போது, டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் என்று இருப்பதற்குக் காரணம் இதுவே. இரண்டும் உண்மைதான், அளப்பது வேறு வேறு.

பிளாக் டைமுக்குள் நிறுவனங்கள் சில நிமிடங்களை முன்னெச்சரிக்கையாகவும் சேர்த்துவைக்கின்றன. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் ‘நேரத்துக்கு வந்தது’ என்று கணக்கில் கொள்வது விமானத் துறையின் பரவலான வழக்கம். சிறிய விமானம் ஒன்று ஒரே நாளில் ஆறு, எட்டு முறை போய்வரும். காலையில் விழும் 10 நிமிடத் தாமதம் மாலைக்குள் குட்டிபோட்டுப் பெருகிவிடும் என்பதால் இந்தக் கூடுதல் நிமிடங்கள் தேவைப்படுகின்றன. இதே காரணத்தால், அவசரக் காரியம் இருப்பவர்கள் அன்றைய முதல் விமானத்தில் போவதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். முந்தைய பயணங்களின் தாமதம் அதைத் தொடாது.

போகும்போது ஒரு நேரம், திரும்பும்போது வேறு நேரம். ஏன்?

பெரும்பாலும் காற்றுதான் காரணம். நடு அட்சரேகைகளில், 30,000 அடியும் அதற்கு மேலும் உள்ள உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகமான காற்றோட்டம் உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். அதோடு போகிற விமானம் சீக்கிரம் போகும். எதிர்த்து வருகிற விமானம் தாமதமாக வரும். டர்போபிராப் விமானங்கள் அதற்குக் கீழே பறப்பதால் இந்தப் பாதிப்பு அவற்றுக்குக் குறைவு. ஆனால் அவற்றின் வேகமும் குறைவு என்பதால், சாதாரணக் காற்றேகூட அவற்றை அதிகம் இழுத்துப்பிடிக்கும்.

ஒரு வழியில் இழந்ததை மறுவழியில் திரும்பப் பெற்றுவிடலாம் என்று தோன்றும். அது நடக்காது. 400 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் மணிக்கு 500 கி.மீ., காற்றின் வேகம் 100 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காற்றில் 60 நிமிடம், பின்காற்றில் 40 நிமிடம், மொத்தம் 100. காற்றே இல்லாவிட்டால் 48 வீதம் 96 நிமிடம்தான். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால், போகவர எடுத்துக்கொண்டால் காற்று எப்போதும் நஷ்டமே.

பூமியின் சுழற்சி இதற்குக் காரணமா என்றும் கேட்கிறார்கள். நேரடிக் காரணம் அல்ல. பூமியோடு சேர்ந்து காற்றுமண்டலமும் சுழல்கிறது. அதற்குள் பறக்கிற விமானமும் அப்படியே.

பயண நேரம் ‘மைனஸ்’ ஆகவோ, பூஜ்ஜியமாகவோ தெரிகிறதே?

டிக்கெட்டில் இருப்பவை எல்லாம் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். எல்லை தாண்டும் குறுந்தூரப் பயணத்தில் இது குழப்பும். நேபாளத்தின் கடிகாரம் இந்தியாவைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது. ஆகவே நேபாளத்திலிருந்து இந்தியா வருகிற பயணம் அட்டவணையில் 15 நிமிடம் குறைவாகவும், அங்கே போகிற பயணம் 15 நிமிடம் கூடுதலாகவும் தெரியும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் மாற்றுகிறது. கோல்டு கோஸ்ட் விமான நிலையத்தின் ஓடுபாதை இந்த இரண்டு மாநிலங்களின் எல்லையில் குறுக்கே கிடக்கிறது. கோடையில் ஓடுபாதையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்! பயண நேரம் தெரியவேண்டுமானால் இரண்டு நேரங்களையும் ஒரே கால மண்டலத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு கழியுங்கள்.

உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் எது?

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரே தீவுக்கும் பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கும் இடையே லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் நடத்திவரும் பயணிகள் சேவை. தூரம் 2.7 கி.மீ. பெரிய விமான நிலையங்கள் பலவற்றின் ஓடுபாதை இதைவிட நீளம். பறக்கும் நேரம் ஒன்றரை, இரண்டு நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்ததுதான் சாதனை. வேடிக்கைக்காக நடத்தும் சேவை அல்ல இது. அந்தச் சிறு தீவுக்கு ஆசிரியரும் மருத்துவரும் வந்துபோக ஒரு வழி. தூரத்தை வைத்து ஒரு வழித்தடத்தின் மதிப்பை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

சிறிய விமான நிலையங்களுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டா?

உண்டு, பயணிகள் அதிகம் யோசிக்காத இடமும் இதுதான். பெரிய விமான நிலையத்தில் ஊர்வதற்கே 20, 25 நிமிடம் போய்விடும். சிறியதில் ஐந்து நிமிடத்தில் எழும்பிவிடலாம். இது லாபம். மறுபக்கத்தில், பல சிறிய நிலையங்கள் இரவில் இயங்குவதில்லை. புறப்பாடு தாமதமாகி, போய்ச்சேரும் நிலையம் மூடும் நேரத்தைத் தாண்டிவிட்டால், பயணம் ரத்தாவதைத் தவிர வேறு வழி இருக்காது.

மேகமூட்டத்திலும் மூடுபனியிலும் விமானத்தை ஓடுபாதைக்கு வழிநடத்தும் கருவிகள் எல்லா இடங்களிலும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. நேபாளத்தின் லூக்லா விமான நிலையம் இதன் உச்சம். சுமார் 2,850 மீட்டர் உயரத்தில், 527 மீட்டர் நீளமே உள்ள ஓடுபாதை. அதுவும் மலைச்சரிவில் சாய்ந்து கிடக்கிறது. கண்ணால் பார்த்துத்தான் இறங்க முடியும். நாள் ஏறஏறக் காற்றும் மேகமும் கூடுவதால் பெரும்பாலான பயணங்கள் காலையிலேயே நடக்கின்றன. அப்படிப்பட்ட ஊருக்குப் போகிறவர்கள் நிமிடக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் ஓரிரு நாட்களை மிச்சம் வைத்துக்கொள்வதே விவேகம்.

இறங்க அனுமதி கிடைக்காமல் வானில் வட்டமடித்துக் காத்திருக்கும்போது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம். திரும்ப ஒரு நிமிடம், நேராக ஒரு நிமிடம், மறுபடி திரும்ப ஒன்று, நேராக ஒன்று. மூன்று சுற்று என்று அறிவித்தால் 12 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். போய்ச்சேரத் தேவையானது, எதிர்பாராத தேவைக்கு ஒரு பங்கு, வேறொரு நிலையத்துக்குத் திருப்பிவிட்டால் அதற்குரியது, இவை எல்லாம் போக இறுதியாக 30 நிமிடம் பறப்பதற்கு இருப்பு. இவ்வளவையும் ஏற்றிக்கொண்ட பிறகே இத்தகைய விமானம் கிளம்ப வேண்டும் என்பது சர்வதேச விதி.

இரண்டு ஊர்களுக்கும் நேரடி விமானம் இல்லையென்றால்?

தேடல் கருவி அப்போதும் ஒரு ‘பறக்கும் நேரம்’ காட்டும். அது கற்பனையான நேரடி விமானத்தின் நேரம். பிராந்திய நிலையங்கள் பெரும்பாலும் ஒரு பெரிய மைய நிலையத்தோடுதான் இணைக்கப்பட்டிருக்கும், ஒன்றோடொன்று அல்ல. நமது 417 கி.மீ. பயணத்துக்கே, மையத்துக்கு 350 கி.மீ., அங்கிருந்து 400 கி.மீ. என்று போகவேண்டியிருந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றேகால் மணி, நடுவே விமானம் மாற ஒன்றரை மணி: நான்கு மணி நேரம். இரண்டு பகுதிகளையும் ஒரே முன்பதிவில் வாங்குங்கள். முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினால், வேறு விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பாகும். தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் அந்தப் பாரம் பொதுவாக உங்கள் தலையில்தான்.

எந்தத் தூரத்துக்கு விமானம் சரி, எந்தத் தூரத்துக்குச் சாலையோ ரயிலோ சரி?

வான்வழித் தூரத்தைவிடச் சாலைத் தூரம் வழக்கமாக 20 முதல் 40 சதவீதம் கூடுதல் இருக்கும். வீட்டிலிருந்து நிலையம், சோதனை, காத்திருப்பு, இறங்கியபின் பெட்டிக்கு நிற்பது, அங்கிருந்து ஊருக்குள் போவது எல்லாம் சேர்த்தால், பிளாக் டைமுக்கு மேல் குறைந்தது இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். 200 கி.மீ. வான்வழித் தூரத்தில் நல்ல சாலை இருந்தால் காரும் விமானமும் ஏறக்குறையச் சமம். 400 கி.மீ.யில் விமானம் தெளிவாக முந்துகிறது. அதிவேக ரயில் ஓடுகிற தடமானால் அங்கேயும் ரயில்தான் முந்தும். நடுவில் கடலோ மலைத்தொடரோ இருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. 50 கி.மீ. என்றாலும் விமானம்தான்.

சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் செலவாகிறது. ஆகவே பயணம் குறுகக் குறுக, ஒரு கிலோமீட்டருக்கான வெளியேற்றம் கூடுகிறது.

ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் போதுமா?

போதாது. மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு எஸ்.ஒய்.டி.; கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது, அதன் குறியீடு ஒய்.க்யூ.ஒய். இங்கிலாந்தின் பர்மிங்காம் பி.எச்.எக்ஸ்.; அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள பர்மிங்காம் பி.எச்.எம். பெயரை மட்டும் நம்பி டிக்கெட் எடுத்து, வேறு கண்டத்தில் போய் இறங்கியவர்கள் உண்டு.

கடைசியில் எந்த எண்ணை நம்புவது?

தூரத்துக்குப் பெருவட்டக் கணக்கு போதும். நேரத்துக்கு, அந்த வழித்தடத்தில் ஓடும் குறிப்பிட்ட விமானத்தின் எண்ணை எடுத்து, விமானங்களின் போக்கைக் காட்டும் தளங்களில் கடந்த இரண்டு வாரத்தில் அது உண்மையில் எப்போது கிளம்பியது, எப்போது நிறுத்தப்பட்டது என்று பாருங்கள். சராசரியைவிட, மோசமான இரண்டு மூன்று நாட்களில் என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். இறங்கியபின் செய்யவேண்டிய காரியம் தள்ளிப்போட முடியாததாக இருந்தால் அந்த நாட்களின் வருகை நேரத்தையே வைத்துத் திட்டமிடுங்கள். புதிதாகத் தொடங்கிய சேவை, பழைய பதிவே இல்லை என்றால், மேலே போட்ட கணக்கின் சுருக்கம் உதவும்: தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் விடையோடு அரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். பெரிய, நெரிசலான நிலையம் ஏதாவது ஒரு முனையில் இருந்தால் இன்னும் கால் மணி.